கம்பை எடுக்காதே... காரணம் தேடு!



உங்களில் எத்தனை பேர் வீட்டில் நாய் வளர்க்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்! (பள்ளிக்கூடத்தை விட்டு வந்து பல வருடம் ஆகியும், இந்தப் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை!) நாய் இல்லாதவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள். இதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு சிறுமி இருக்கிறாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வீட்டு நாயின் பெயர் ராணி. செவலை நிற நாட்டு நாய். வயது 5. குட்டியாக வந்த நாளிலிருந்து கொல்லையில் இருக்கும் வேப்பமரத்தடிதான் ராணிக்குக் கழிப்பிடம். அவசரம் என்றால் கொல்லைக் கதவை முன்னங்காலால் பிறாண்டுவாள். கதவைத் திறந்தால் ஓடிப்போய்விட்டு வந்துவிடுவாள். வீட்டுக்குள் ஒரு நாளும் அசிங்கம் செய்ததில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அந்தச் சிறுமி அழுது சிவந்த கண்களோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

''டீச்சர் பாட்டி, நாலு நாளா ராணி கூடத்துலேயே உச்சா போயிடறா. நேத்து அப்பாவோட ஆபீஸ் பை மேலேயே போயிட்டா. அப்பா கம்பால அடிச்சிட்டார். நாளைக்கு வண்டியில கொண்டு போய் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்னு சொல்றார்...''

உடனே நான் அவளுடன் கிளம்பினேன். அவளுடைய அப்பாவும் ஒரு காலத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்தான்.

''கொழுப்பு டீச்சர்! வேணும்னே பண்ணுது. வெளியே விட்டா போயிட்டு வருது. உள்ளே வந்ததும் மறுபடி உட்காருது'' என்றார்.

''அஞ்சு வருஷமா இல்லாத கொழுப்பு, நாலு நாள்ல எப்படிப்பா வந்துச்சு?'' என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ''திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் கொடுப்பா. அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிக்கிறோம்'' என்றேன். அரை மனதோடு தலையாட்டினார்.

குழந்தைகளே, நான் அவரிடம் கேட்ட கேள்வியை நீங்களும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நன்றாகப் பழகிய நாய், தூங்கும் இடத்தையும் வீட்டையும் சுத்தமாகவே வைத்திருக்கும். அது திடீரென்று மாறினால், அதற்குக் காரணம் இருக்கும். நாய்க்குப் பேசத் தெரியாது. தரையில் கிடக்கும் அந்த ஈரம்தான் அது நமக்கு எழுதும் கடிதம். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்!

ஐந்து கேள்விகள்

ஒரு பழைய நோட்டை எடுத்து, அந்தச் சிறுமியிடம் ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கும் தருகிறேன்.

1. எப்போது போகிறது? (மணியைக் குறிக்கவும்.)
2. எங்கே போகிறது? (கூடத்திலா, கதவு ஓரத்திலா, படுத்த இடத்திலா?)
3. எவ்வளவு போகிறது? (சொட்டுச் சொட்டாகவா, குளம் போலவா?)
4. எப்படிப் போகிறது? (முக்குகிறதா, நிறம் என்ன, தனக்கே தெரியாமல் போகிறதா?)
5. வீட்டில் என்ன மாறியிருக்கிறது? (புது ஆள், புதுச் சாப்பாடு, மருந்து, இடம், சத்தம்.)

இவற்றோடு ஒரு கணக்கும் உண்டு. காலையில் நாயின் தட்டில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். இடையில் ஊற்றுவதையும் குறித்துக் கொள்ளுங்கள். மறுநாள் காலை மீதியை அளந்து கழியுங்கள். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நாய், தன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் குடிக்கும். 15 கிலோ நாய் என்றால் 750 முதல் 900 மில்லி. வெயில் காலத்தில் கொஞ்சம் கூடலாம். ஆனால், கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால், கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தச் சிறுமி ராணியை விட்டு நகரவில்லை. நோட்டில் முத்து முத்தாக எழுதியிருந்தாள். இரண்டு நாளில் 19 முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி அளவுதான். வெகுநேரம் உட்கார்ந்து முக்குகிறாள். வேப்பமரத்தடிக்குப் போய் வந்த ஐந்தாவது நிமிடமே மறுபடி உட்காருகிறாள். பின்பக்கத்தை அடிக்கடி நக்குகிறாள். தண்ணீர் எப்போதும் போலத்தான் குடிக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, ராணி உட்காரும்போது ஒரு பழைய அகப்பையை நீட்டிக் கொஞ்சம் சிறுநீரைப் பிடித்து, சுத்தமான பாட்டிலில் ஊற்றிக் கொண்டோம். (அந்த அகப்பை பிறகு குப்பைக்குப் போய்விட்டது. பயப்படாதீர்கள்!) அப்பா வண்டியை எடுத்தார். சந்தைக்கு அல்ல, கால்நடை மருந்தகத்துக்கு.

மருத்துவர் நோட்டை முழுவதும் படித்தார். சிறுநீரைப் பரிசோதித்தார். ''சிறுநீர்ப்பையில கிருமித் தொற்று. உள்ளே எரிச்சல் இருந்துகிட்டே இருக்கும். பை நிறையாமலேயே அவசரமா வரும். பாவம், அதால அடக்க முடியலை'' என்றார். பெண் நாய்களுக்கு இது அதிகம் வருமாம். பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார். பாதியில் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும், சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும் என்றார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ராணியின் முதுகில் கம்பு பட்ட இடத்தை மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

உலகத்தை மாற்றிய ஈரத் தரை

'வெளியே போய் வந்தவுடன் மறுபடியும் போகிறாள்' என்று அந்தச் சிறுமி எழுதியிருந்தாள் அல்லவா? அதைப் படித்ததும் எனக்கு ஓர் அறிவியல் வரலாறு நினைவுக்கு வந்தது. கேளுங்கள்.

1889ம் ஆண்டு. அப்போது ஜெர்மனியிடம் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரம். (இன்று அது பிரான்சில் இருக்கிறது.) அங்கே ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வான் மெரிங் என்று இரண்டு மருத்துவ விஞ்ஞானிகள் இருந்தார்கள். நம் வயிற்றில் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. கணையம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அறிய, ஒரு நாய்க்கு அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த நாய் நன்றாகப் பழக்கப்பட்ட நாய். ஆனால், அறுவைக்குப் பிறகு ஆய்வுக்கூடத்துத் தரையிலேயே அடிக்கடி சிறுநீர் கழித்தது. 'நாயை ஒழுங்காக வெளியே கூட்டிப் போகவில்லையா?' என்று மின்கோவ்ஸ்கி உதவியாளரைக் கேட்டார். வெளியே போய் வந்தவுடனேயே மறுபடியும் போய்விடுகிறது என்றார் அவர்.

வேறு யாராவது என்றால், 'தொல்லை பிடித்த நாய்' என்று திட்டிவிட்டுத் துடைத்திருப்பார்கள். மின்கோவ்ஸ்கி, 'ஏன்?' என்று யோசித்தார். அந்தச் சிறுநீரை எடுத்துப் பரிசோதித்தார். அதில் சர்க்கரை! அந்த நாய்க்கு நீரிழிவு நோய் வந்திருந்தது. அந்த நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் உறுதியானது.

அந்த வழியைப் பின்பற்றி, 1921ல் கனடா நாட்டின் டொரண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங், சார்லஸ் பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில், சாகும் நிலையில் இருந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான். அதன்பின் எத்தனையோ லட்சம் பேர் பிழைத்தார்கள். இன்று நீரிழிவு வந்த நாய்களுக்கும் இன்சுலின் போடுகிறார்கள்.

இதற்காகத் தங்கள் உயிரைக் கொடுத்த நாய்கள் பல. அவற்றுக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்க்க வேண்டுமானால், நம் வீட்டு நாய் தரையை நனைக்கும்போது, 'ஏன்?' என்று ஒரு முறையாவது கேட்க வேண்டாமா?

கடிதத்தைப் படிப்போமா?

ராணிக்கு இருந்த காரணமே எல்லா நாய்க்கும் இருக்காது. நீங்கள் எழுதும் நோட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

* அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போகிறதா? ரத்தம் கலந்திருக்கிறதா? சிறுநீர்ப்பையில் தொற்றோ, கல்லோ இருக்கலாம். முக்கியும் சிறுநீர் வரவே இல்லை என்றால் ஆபத்து! ஆண் நாய்களுக்குக் கல் அடைத்துக் கொள்வதுண்டு. ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

* குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, குளம் போலப் போகிறதா? நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, பெண் நாய் என்றால் கர்ப்பப்பைத் தொற்று என்று பல காரணங்கள் இருக்கலாம். அரிப்புக்குக் கொடுக்கும் சில ஸ்டீராய்டு மாத்திரைகளும் தாகத்தைக் கூட்டும். என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

* தூங்கி எழுந்த இடம் ஈரமாக இருக்கிறதா? நாய்க்கே தெரியாமல் கசிகிறது என்று பொருள். கருத்தடை செய்த பெண் நாய்கள் சிலவற்றுக்கு இப்படி வரும். இதற்கு மருந்து உண்டு.

* நீங்கள் குனிந்து தொட்டால், அதட்டினால், காதை மடக்கிப் பதுங்கியபடி போய்விடுகிறதா? அது பயம். குட்டிகளிடம் அதிகம். அதட்டினால் இன்னும் அதிகமாகும். குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து மெதுவாக அழையுங்கள்.

* ஆண் நாய், புது சோபா, புதுப் பை, வாசல் தூண் என்று பார்த்துப் பார்த்துக் காலைத் தூக்குகிறதா? அது, 'இது என் இடம்' என்று எழுதும் முகவரி. வீட்டுக்குப் புது ஆளோ, புது நாயோ வந்தால் இது கூடும்.

* மழை நாளில் மட்டுமா? தீபாவளி வெடிச் சத்தத்தின்போதா? வீட்டில் தனியாக விட்டுப் போகும்போதா? அப்படியானால் பயமும் பதற்றமுமே காரணமாக இருக்கலாம். மழையில் குடை பிடித்துக் கூட்டிப் போங்கள். வெடி வெடிக்கும் நாளில் இருட்டுவதற்கு முன்பே வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள்.

* மலம் வீட்டுக்குள் போகிறதா? வயிற்றுப்போக்கு, குடற்புழு, திடீரென்று மாற்றிய சாப்பாடு ஆகியவற்றை முதலில் கவனியுங்கள்.

எது காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. பழகிய நாய் திடீரென்று மாறினால், முதலில் மருத்துவர், பிறகுதான் மற்றதெல்லாம்.

நான் செய்த தவறு

வயதான நாயைப் பற்றி மட்டும் நான் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தான். 13 வயது ஆனதும் நடையிலேயே சிறுநீர் கழிக்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் அதைத் துடைக்க வேண்டுமே என்று எனக்கு எரிச்சல். செய்தித்தாளைச் சுருட்டி நாலைந்து முறை அடித்தேன். அவன் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்க்கவும் செய்தேன். அப்போதெல்லாம் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு நாள் மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும், வாலாட்டி வர வேண்டிய கறுப்பன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்து கொண்டான். அன்றுதான் உறைத்தது. மருத்துவரிடம் காட்டினோம். பின்னங்கால் மூட்டுகளில் தேய்மானம். எங்கள் கொல்லைக்கு இறங்க மூன்று படி. அந்த மூன்று படியை இறங்க முடியாமல்தான் அவன் நடையிலேயே நின்றிருக்கிறான்!

படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டோம். வழுக்காமல் இருக்கச் சாக்கை விரித்தோம். வலிக்கு மருந்து கொடுத்தோம். மறுநாளிலிருந்து கறுப்பன் தானே கொல்லைக்குப் போனான். ஒரு பலகை போதுமானதாக இருந்தது, குழந்தைகளே. அதற்கு முன் நான் எத்தனை அடி அடித்துவிட்டேன்!

சில முதிய நாய்களுக்கு மூளையும் தளர்ந்துவிடும். கதவு எங்கே இருக்கிறது என்பதே மறந்து போகும். நம் தாத்தா, பாட்டிகளை அதற்காக அடிப்போமா?

''திட்டினால் தலையைக் குனிகிறதே, தப்பு செய்தது அதற்குத் தெரிகிறதுதானே?'' என்று கேட்பீர்கள். 2009ல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தப்பு செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது! அது குற்ற உணர்ச்சி அல்ல. நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம்.

துடைப்பதிலும் கவனம்

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சுமார் 50, 60 லட்சம். நாயின் மூக்கிலோ 10 கோடிக்கும் மேல்! நமக்குத் தெரியாத நாற்றம் அதற்குத் தெரியும். வாசனை மிச்சம் இருந்தால், 'இதுதான் கழிப்பிடம் போல' என்று நினைத்து அங்கேயே திரும்ப வரும். அதனால்...

* முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்பு நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்று விற்கும் என்சைம் கலந்த திரவம் இன்னும் நல்லது.

* அமோனியா கலந்த திரவம் வேண்டாம். அது நாய்க்குச் சிறுநீர் வாசனை போலவே இருக்கும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் மேல் நேராகக் கொட்டவும் கூடாது. நெடி மிகுந்த கெட்ட வாயு கிளம்பும்.

* வெறுங்கையால் துடைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். கையுறை போட்டுப் பெரியவர்கள் துடைக்கட்டும். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

மறுபடியும் பழக்குவது எப்படி?

உடம்பு சரியானதும், ராணிக்குச் சில நாள் மறுபடி பயிற்சி தேவைப்பட்டது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், படுக்கப் போகும் முன்பும் கொல்லைக்குக் கூட்டிப் போனாள் அந்தச் சிறுமி. எப்போதும் அதே வேப்பமரத்தடி. போய் முடித்த அந்த நொடியே ஒரு பிஸ்கட் துண்டும், 'சமத்து' என்று ஒரு வார்த்தையும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'தண்ணீர் கொடுத்தால்தானே போகும்' என்று தண்ணீர்த் தட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள். நோய் உள்ள நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து.

இன்னொரு செய்தி. பட்டினியும் தாகமுமாகத் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கொண்டு போய் விட்டுவிடுவது, 1960ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் யாராவது, 'சந்தையில் விட்டுவிடலாம்' என்று சொன்னால், சண்டை போடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து ஐந்து கேள்விகளை எழுதுங்கள். 'திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கப்பா' என்று கேளுங்கள்.

ராணி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறீர்களா? பத்து நாள் மாத்திரை முடிந்தது. கூடம் காய்ந்து கிடக்கிறது. நேற்று மாலை அங்கே போயிருந்தேன். கொல்லைக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. கதவைத் திறக்க முதலில் எழுந்தவர் யார் தெரியுமா? அவளுடைய அப்பா!

நாய் இல்லாதவர்களுக்கும் பாடம் உண்டு என்று சொன்னேனே? உங்கள் தம்பியோ, தங்கையோ, வகுப்புத் தோழனோ திடீரென்று எப்போதும் போல இல்லாமல் மாறினால், கேலி செய்வதற்கு முன், 'உனக்கு என்ன ஆச்சு?' என்று ஒரு முறை கேளுங்கள். அவர்களுக்குப் பேசத் தெரியும். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

என்ன குழந்தைகளே, கேட்பீர்கள்தானே?